இடித்துரையும் மென்தூண்டலும்

தோற்றுவாய்

சிங்கப்பூரின் வடகோடியில் அமைந்த உட்லண்ட்ஸ் நகர், ஆட்சியின் இருவேறு முகங்களை ஒருங்கே காட்டும் இடமாகும். 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கடற்பாலம் அங்கிருந்துதான் ஜொகூருக்குச் செல்கிறது. அப்பாலத்தைக் கடந்து செல்லும் சிங்கப்பூர் வாகனத்தின் கலனில் முக்கால் பங்கு பெட்ரோலேனும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 1989-இல் அரைக்கலன் என்று தொடங்கிய இவ்விதி 1991-இல் முக்கால் கலனாக உயர்த்தப்பட்டது. ஜொகூரில் பெட்ரோல் விலை குறைவு. குறைந்த விலையை நாடி மக்கள் செல்வது இயல்பு. அவ்வியல்பைத் தடுக்க அரசு கைக்கொண்ட கருவி தண்டம் ஆகும். விதியை மீறியவர் திருப்பி அனுப்பப்படலாம். அபராதமும் செலுத்த நேரலாம். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

அச்சோதனைச்சாவடியிலிருந்து சிறிது தொலைவில் 1996-இல் திறக்கப்பெற்ற உட்லண்ட்ஸ் பெருவிரைவு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் நடைமேடைத் தரையில் அம்புக்குறிகள் தீட்டப்பட்டுள்ளன. இறங்குவோர் நடுவே வருக, ஏறுவோர் இருமருங்கும் ஒதுங்கி நிற்க என்று அவை சொல்லாமற் சொல்கின்றன. அக்குறிகளை மீறுவோர்க்குத் தண்டமில்லை. அவற்றின்படி நடப்போர்க்குப் பரிசுமில்லை. ஆயினும் காலை நெரிசலில் பெரும்பாலோர் அக்குறிகளின் வழியே ஒதுங்கி நிற்கின்றனர்.

முன்னது ஆணை, பின்னது அறிஞர்கள் அண்மைக் காலத்தில் தனிப்பெயரிட்டு ஆராய்ந்துவரும் மென்தூண்டல். இம்மென்தூண்டல் பொதுநலக் கொள்கையில் எத்துணைப் பயன் தரும், அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை உட்லண்ட்ஸ் வாழ்க்கையையும் சிங்கப்பூர்த் தமிழரின் பட்டறிவையும் துணைக்கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

சொல்லும் பொருளும்

'நட்ஜ்' என்னும் ஆங்கிலச் சொல், அருகிருப்பவரை முழங்கையால் மெல்ல இடித்து அவர் கருத்தை ஒன்றின்பால் திருப்புவதைக் குறிக்கும். அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் கேஸ் சன்ஸ்டீனும் 2008-இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூலை வெளியிட்டனர். பிரித்தானிய அரசு 2010-இல் இத்துறைக்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 2016-இல் சிங்கப்பூரிலும் அலுவலகம் திறந்தது. தேலர் 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இக்கொள்கையின் அடிப்படை எளியது. மாந்தர் யாவரும் எப்போதும் கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்த்து முடிவெடுப்பவர் அல்லர். மறதியும், சோம்பலும், பிறர் செய்வதைத் தாமும் செய்யும் வழக்கமும், கைப்பொருளை இழக்க அஞ்சும் அச்சமும் அவர்தம் முடிவுகளை வழிநடத்துகின்றன. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மைக்கு அறிவியல் அடித்தளம் இட்டது. இப்பலவீனங்களை அறிந்துகொண்டு, தேர்வுகள் அமையும் சூழலை மாற்றினால் மக்கள் தமக்கு நன்மையானதைத் தாமே தேர்வர் என்பது தேலர், சன்ஸ்டீன் ஆகியோர் வாதம். எந்தத் தேர்வையும் தடைசெய்தல் கூடாது, பண ஆதாயத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்னும் இரு வரம்புகளையும் அவர்கள் விதித்தனர்.

தமிழ் மரபில் இடித்தல் என்னும் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையை அரசனுக்கு இன்றியமையாததாக வைத்தார். அங்கே இடிப்பவர் சான்றோர், இடிக்கப்படுபவன் அரசன். மென்தூண்டலில் இத்திசை தலைகீழாகிறது. இடிப்பது அரசு, இடிக்கப்படுபவர் குடிமக்கள். மேலும், இடித்துரையில் உரை உண்டு. இன்னது தவறு, இன்ன காரணத்தால் தவறு என்று எடுத்துச் சொல்லப்படுகிறது. கேட்டவன் மறுமொழி கூறவும் இடமிருக்கிறது. மென்தூண்டலிலோ பெரும்பாலும் உரை இல்லை. இடித்த கை யாருடையது என்பதும் பலர்க்குத் தெரிவதில்லை. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டால் மென்தூண்டலின் தகுதியையும் தகுதியின்மையையும் பிரித்தறிதல் எளிதாகும்.

இயக்கங்களின் காலம்

மக்களின் நடத்தையை மாற்றும் முயற்சி சிங்கப்பூருக்குப் புதியதன்று. 1968-இல் தூய்மை இயக்கம் தொடங்கிற்று. 1979-இல் பண்புடைமை இயக்கம் தோன்றிற்று. 1982-இல் சிங்கா என்னும் சிங்கச் சின்னம் அவ்வியக்கத்தின் முகமாயிற்று. சுவரொட்டிகளும் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்புகளும் பள்ளிகள் தோறும் நடந்த போட்டிகளும் அக்காலத்தவர் நினைவில் இன்றும் நிற்பன. இவை யாவும் உரைவழி நடந்த முயற்சிகள். அரசு தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லிற்று. மக்கள் சிரித்துக்கொண்டோ சலித்துக்கொண்டோ அதைக் கேட்டனர். 2013-இல் சிங்காவே தான் களைத்துப்போனதாக மடல் எழுதிப் பதவி விலகுவதாக அறிவித்ததும் ஒருவகை இடித்துரையே எனலாம்.

இவ்வியக்கங்களுள் மிகுந்த பாடம் கற்பிப்பது குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் ஆகும். 1970-களில் இரண்டு குழந்தைகளோடு நிறுத்துக என்னும் அறிவுரை நாடெங்கும் ஒலித்தது. அறிவுரையோடு நில்லாமல், பிள்ளைப்பேறு ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைக் கட்டணம் ஏறுதல், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைதல் முதலிய தண்டங்களும் சேர்ந்தன. பிறப்பு விகிதம் அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலேயே ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே இறங்கிற்று. 1987-இல் அரசு தன் கொள்கையைத் திருப்பி, வசதியிருப்பின் மூன்றும் அதற்கு மேலும் பெறுக என்றது. ஆனால் விகிதம் திரும்பவில்லை, 2023-இல் 0.97-ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் இயக்கத்தின்மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. பெண்கல்வி, வேலைவாய்ப்பு, நகர வாழ்வின் செலவு ஆகியனவும் காரணங்களே. ஆயினும் நாட்டுக்கு எது நன்று என்பதில் அரசும் பிழைபடக்கூடும், அதன் சொற்கேட்டு நடந்தவர் தம் வாழ்நாளைத் திருப்பிப் பெறுதல் இயலாது என்னும் உண்மையை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. மென்தூண்டலின் ஆதரவாளர் இதனை மறத்தல் ஆகாது.

பயன்கள்

மென்தூண்டலின் பயனை முற்றும் மறுப்பது அறிவுடைமையன்று. நடைமேடை அம்புக்குறி எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரின் காலை நேரத்தைச் சிறிது எளிதாக்குகிறது. அது கண்முன்னே இருப்பது, அதன் நோக்கம் யாவர்க்கும் விளங்குவது. அதனைப் பொருட்படுத்தாதவர்க்கு இழப்பும் இல்லை. இவ்வகைத் தூண்டலில் குறைகாண எதுவுமில்லை.

உணவில் மென்தூண்டல் செய்த பணி தமிழர்க்கு நெருங்கியது. 2010-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கருத்தாய்வின்படி, பெரியவர்களுள் நீரிழிவு நோயுற்றோர் சீனரிடையே 9.7 விழுக்காடு, மலாய்க்காரரிடையே 16.6 விழுக்காடு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 2022 டிசம்பர் 30 முதல், புட்டியிலும் பெட்டியிலும் அடைத்து விற்கப்படும் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறி இடும் 'நியூட்ரி-கிரேட்' முறை நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குப் பின் அம்முறை கடையில் உடனுக்குடன் கலந்து தரப்படும் பானங்களுக்கும் விரிந்தது. அடைத்து விற்கப்படும் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-இல் 7.1 விழுக்காடாக இருந்து 2023-இல் 4.6 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வெற்றியின் காரணத்தைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். கடையின் அடுக்கில் டி என்ற குறியைக் கண்டு பருகுவோர் மனம் மாறியது ஒரு பகுதி. குறி ஒட்டப்படுமுன்னரே, அவப்பெயருக்கும் விளம்பரத் தடைக்கும் அஞ்சி உற்பத்தியாளர் தம் கலவையை மாற்றிக்கொண்டது மற்றொரு பகுதி. குறியிடுதல் பருகுவோர்க்குத் தூண்டல்; உற்பத்தியாளர்க்கோ அது சட்டம். மென்தூண்டலின் வெற்றி என்று எடுத்துக்காட்டப்படும் இதனுள்ளே ஆணையும் கலந்திருக்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உட்லண்ட்ஸ் வட்டாரக் காப்பிக்கடையில் இன்னொரு நிலையைக் காணலாம். அங்கே 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் இட்ட இனிப்புத் தேநீர் வரும். சர்க்கரை குறைவாக வேண்டுபவர் 'சியூ டை' என்றும், அறவே வேண்டாதவர் 'கொசோங்' என்றும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாதவர்க்கு இனிப்பு, கேட்பவர்க்கு நலம். இம்முறையை மாற்றி, கேளாதவர்க்குக் குறைந்த இனிப்பும் கேட்பவர்க்கு மிகுந்த இனிப்பும் என்று வைத்தால் எவர் உரிமையும் குன்றாது. எதையும் கேட்டுப் பழகாத முதியவர்க்கு அதனால் நன்மையே விளையும். மென்தூண்டல் தன் இயல்பான வலிமையோடு இயங்கத்தக்க இடம் இதுவே.

இவற்றினும் மேலான எடுத்துக்காட்டு அட்மிரல்ட்டி ரயில் நிலையத்தின் அருகே இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய கம்போங் அட்மிரல்ட்டியில், முதியோர்க்கான 104 வீடுகளும் உணவங்காடி நிலையமும் மருத்துவ நிலையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மேல்தளத் தோட்டமும் ஒரே கட்டடத் தொகுதியில் அமைந்துள்ளன. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் தலைசிறந்த கட்டடமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. முதியவர் நடக்க வேண்டும், பிறரோடு பழக வேண்டும் என்று அங்கே எவரும் அறிவுரை சொல்ல வேண்டுவதில்லை. உணவுக்கும் மருந்துக்கும் கீழே இறங்கினாலே நடையும் பழக்கமும் தாமே வாய்க்கின்றன. ஆனால் இது செலவின்றி வந்ததன்று. நிலமும் பணமும் பல துறைகளின் ஒத்துழைப்பும் தேவைப்பட்டன. மலிவான கருவி என்பதற்காகவே மென்தூண்டலை விரும்பும் அரசுகள் இவ்வேறுபாட்டைக் கருதுதல் நன்று.

எல்லைகள்

மென்தூண்டலின் முதல் எல்லை, அதன் விளைவு சிறிது என்பதாகும். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் விளக்குகிறது. கல்வி இதழ்களில் வெளிவந்த மென்தூண்டல் சோதனைகளில் சராசரி விளைவு 8.7 விழுக்காட்டுப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு பெரிய மென்தூண்டல் குழுக்கள் 2 கோடியே 30 இலட்சம் மக்களை உட்படுத்தி நடத்திய 126 சோதனைகளிலோ அது 1.4 புள்ளி மட்டுமே. வெற்றி பெற்றவை அச்சேறுகின்றன. தோல்வியுற்றவை அலமாரியில் உறங்குகின்றன. படிவத்தின் தொடக்கத்திலேயே கையொப்பமிடச் செய்தால் மக்கள் உண்மை சொல்வர் என்று 2012-இல் வெளிவந்து புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, அதன் தரவுகள் நம்பத்தக்கனவல்ல என்று தெரியவந்தபின் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் தலைப்பே நேர்மையைப் பற்றியது.

எது எதனால் விளைந்தது என்பதைப் பிரித்தறிதலும் எளிதன்று. கடற்பாலத்தின் வழியே ஜொகூர்த் தண்ணீர் குழாய்களில் வருகிறது. 1962-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2061-இல் முடிவடையும். ஆதலால் சிக்கனம் சிங்கப்பூருக்கு உயிர்ப் பிரச்சினை. ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்தும் தண்ணீர் 2003-இல் 165 லிட்டராக இருந்து 2018-இல் 141 லிட்டராகக் குறைந்தது. அண்டை வீட்டாரின் சராசரிப் பயனீட்டைக் கட்டணச் சீட்டில் ஒப்பிட்டுக் காட்டியதும் இக்காலத்தில் நிகழ்ந்ததே. ஆனால் இக்காலத்திலேயே, 2009-இல் தண்ணீர்க் கருவிகளுக்குச் சிக்கனக் குறியிடுதல் கட்டாயமாயிற்று. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் விலையும் இரு கட்டங்களாக 30 விழுக்காடு உயர்ந்தது. குறைந்த லிட்டர்கள் அனைத்தையும் கட்டணச் சீட்டின் வரைபடத்துக்கு உரிமையாக்குதல் பொருந்தாது.

இரண்டாவது எல்லை, நேரமும் வசதியும் உடையவர்க்கே தேர்வு பயன்படும் என்பது. 2013 ஜூன் மாதத்தில் தொடங்கிய திட்டம் ஒன்றன்படி, காலை 7.45 மணிக்கு முன்னர் நகர மையத்தின் 16 நிலையங்களில் வெளியேறுவோர் கட்டணமின்றிப் பயணம் செய்தனர். 2017 இறுதியில் அது முடிவுற்று, அதிகாலைப் பயணத்துக்கு 50 காசு வரையிலான தள்ளுபடி வந்தது. கட்டணம் மாறுவதால் இது மென்தூண்டலின் இலக்கணத்தை விட்டுச் சற்று விலகினும் நோக்கம் ஒன்றே. உட்லண்ட்ஸிலிருந்து நகர மையம் நெடுந்தொலைவு. அலுவலக நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் அதிகாரி முன்னதாகப் புறப்பட்டுப் பயன்பெறுவார். குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுச் செல்லும் தாய் அந்நிலையம் திறக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். துப்புரவுப் பணியாளரோ எவர் தூண்டலும் இன்றி விடியுமுன்பே ரயில் ஏறியிருப்பார். ஒரே தூண்டல் மூவரையும் ஒரே வகையாகத் தீண்டுவதில்லை. வேலை நேரத்தை வகுப்பவர் முதலாளி. ஆனால் தூண்டப்படுபவர் தொழிலாளி. குறை எங்கிருக்கிறதோ அங்கே கை செல்லாமல், கைக்கு எட்டியவரை இடிப்பது முறையாகுமா?

மூன்றாவது எல்லையை அரசே தன் செயலால் ஒப்புக்கொண்டுள்ளது. உணவங்காடி நிலையங்களில் உண்டபின் தட்டைத் திருப்பி வைக்கும் பழக்கத்தை வளர்க்க 2013 முதல் இயக்கம் நடந்தது. சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, தட்டு வைக்கும் அடுக்குகள் கண்ணில் படுமாறு நிறுத்தப்பட்டன, சில இடங்களில் தட்டுக்கு முன்பணமும் வாங்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே தட்டைத் திருப்பி வைத்தனர். 2021 ஜூன் முதல் நாள் அது சட்டமாயிற்று. செப்டம்பரில் அமலாக்கம் தொடங்கிற்று. முதன்முறை எழுத்துவழி எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். சில வாரங்களுக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தட்டைத் திருப்பி வைக்கலாயினர். பிறர் உண்ட எச்சிலைத் துடைக்கும் முதிய பணியாளரின் முதுகு வலி, ஏழாண்டு வேண்டுகோளால் தீராமல் ஓர் ஆணையால் தணிந்தது என்பது இயக்கக்காரர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்று.

காப்புறுதியிலும் இதே வரலாறு. 1990-இல் வந்த மெடிஷீல்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்னும் முறையில் இயங்கிற்று. 2015-இல் அது மெடிஷீல்டு லைஃப் என்று விரிந்து யாவர்க்கும் கட்டாயமாயிற்று. 2002-இல் வந்த எல்டர்ஷீல்டு நாற்பது வயதில் தானாகவே சேர்த்துக்கொண்டது, விரும்பாதவர் விலகலாம். அது முதலில் மாதம் 300 வெள்ளியை ஐந்து ஆண்டு வரையும், 2007 முதல் 400 வெள்ளியை ஆறு ஆண்டு வரையும் வழங்கிற்று. ஆறாண்டுக்குப் பின்னும் படுக்கையில் கிடப்பவர்க்கு அதில் வழியில்லை. 2020-இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப், 1980-இலும் அதற்குப் பின்னரும் பிறந்தோர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் உதவி தருவதாக அமைந்தது. பலரும் சேர்ந்து சுமக்க வேண்டிய சுமையைத் தனியாள் தேர்வுக்கு விடுதல் ஆகாது என்பதே இம்மாற்றங்களின் பொருள்.

மௌனம் சம்மதமா?

மென்தூண்டலின் கருவிகளுள் வலிமை மிக்கது, ஒன்றும் செய்யாதவரைச் சேர்ந்தவராகக் கொள்ளும் முறை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் உலக வழக்கை அது சட்டமாக்குகிறது.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. விபத்தில் இறந்தவரின் சிறுநீரகத்தை, அவர் வாழ்நாளில் மறுப்புத் தெரிவித்திராவிடில், நோயாளிக்குப் பொருத்தலாம் என்றது அது. 2004-இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியனவும் எல்லா வகை இறப்பும் சேர்க்கப்பட்டன. 2008-இல் முஸ்லிம்கள் சேர்க்கப்பட்டனர். 2009-இல் 60 வயது வரம்பு நீங்கிற்று. மறுப்புத் தெரிவித்தவர் தமக்கு உறுப்பு வேண்டிவருங்கால் வரிசையில் பின்தள்ளப்படுவார். ஆதலால் இது வெறும் மென்தூண்டலன்று. கொடுப்பவர்க்கே கொள்ளும் முன்னுரிமை என்னும் அறக்கணக்கும் இதில் உண்டு. அக்கணக்கு மன்றத்தில் வாதிக்கப்பட்டு, சட்டமாக அச்சிடப்பட்டு, யாவரும் காண நிற்கிறது. உரை உண்டு என்பதனால் இது இடித்துரைக்கு நெருங்கி வருகிறது.

ஆயினும் சேர்ந்தவர் தொகை உயர்ந்தால் உயிர்கள் தாமே பிழைத்துவிடும் என்று எண்ணுதல் பிழை. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, கேட்டுச் சேரும் முறையுள்ள ஜெர்மனியில் இசைந்தோர் 12 விழுக்காடு என்றும், மறுத்தாலன்றிச் சேர்ந்தவராகக் கொள்ளும் ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு என்றும் காட்டிற்று. உறுப்புக் கொடையில் உலகுக்கு முன்னோடியான ஸ்பெயினோ, 1989-இல் தேசிய அமைப்பை நிறுவி, மருத்துவமனை தோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை அமர்த்தி, துயருற்ற குடும்பத்தாரோடு பேசி இசைவு பெற்றே முன்னேறியது. பட்டியலில் உள்ள பெயரைவிடக் குடும்பத்தாரோடு நிகழும் உரையாடல் அங்கே பெரும்பணி செய்தது.

தமிழர்க்கு மேலும் அணுக்கமான சான்று மாதச் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. 1991-இல் தோன்றிய சிண்டா, இந்தியச் சமூகத்து மாணவர்க்குத் துணைப்பாட வகுப்பும் குடும்பங்களுக்கு உதவியும் அளித்துவருகிறது. அதற்கான நிதி, இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தோரின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. 2015-இல் வகுக்கப்பட்ட அளவின்படி, ஊதியத்துக்கேற்ப அது 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. விரும்பாதவர் படிவம் நிரப்பி விலகலாம். மற்றச் சமூகங்களின் சுயஉதவி அமைப்புகளும் இவ்வாறே நிதி பெறுகின்றன.

இதனை ஈகை எனலாமா? தான் முடிவு செய்யாத ஒன்றைக் கொடுத்தவன் ஈந்தவன் ஆவானா? வள்ளுவர் ஈகையை ஓர் அதிகாரத்திலும், அதற்கு முன் ஒப்புரவறிதலை வேறோர் அதிகாரத்திலும் வைத்தார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. தான் வாழும் சமூகத்துக்குக் கடன்பட்டவன் என்றுணர்ந்து செய்வது ஒப்புரவு. சம்பளச் சீட்டில் வரும் சிறு வரி ஒப்புரவின்பாற்படும். அவ்வகையில் அது தக்கதே. ஏழைப் பிள்ளைகளின் துணைப்பாடம், ஒருவர் படிவத்தைத் தேடி நிரப்பும் ஊக்கத்தை நம்பி நிற்றல் ஆகாது. ஆனால் அவ்வதிகாரத்தின் பெயர் ஒப்புரவு மட்டுமன்று, ஒப்புரவறிதல். அறிதல் என்னும் பகுதியைத் தானியங்கிப் பிடிப்பு தருவதில்லை. இருபது ஆண்டு தொடர்ந்து கொடுத்தும், எதற்குக் கொடுக்கிறோம் என்று அறியாதவர் இருத்தல் கூடும். பணம் சேர்ந்துவிட்டது என்பதால் சமூக உணர்வும் சேர்ந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. அவ்வறிதலைத் தருவது கல்வியின் கடமை. குறிப்பாகத் தமிழ் வகுப்பறையின் கடமை.

சேர்வதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், விலகுவதற்குப் பல செய்ய வேண்டும் என்னும் நிலை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஐயம் எழுதல் இயல்பு. விலகும் வழியைக் கடினமாக்கும் இச்சூழ்ச்சிக்குத் தேலரே 2018-இல் சேறு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். வணிக நிறுவனங்கள் இலவசச் சந்தா என்று அழைத்துப் பின்னர்க் கட்டணம் பிடிப்பதும், விலகும் பொத்தானை ஒளித்துவைப்பதும் இச்சேற்றின் வகைகள். ஒரே கலையை நல்லவரும் அல்லவரும் பயிலலாம் என்பதால், கலையைப் புகழ்வதைக் காட்டிலும் பயில்பவரைக் கண்காணிப்பதே தேவையாகிறது.

மொழியும் தூண்டலும்

தமிழாசிரியரும் மாணவரும் கருத வேண்டிய தனிக் கூறு ஒன்றுண்டு. தேர்வுரிமை என்பது புரியும் மொழியில் இருந்தால்தான் உரிமை. விலகலாம் என்னும் ஒற்றை வரி ஆங்கிலப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்குமாயின், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது ஆணையே ஆகும். நல்ல தமிழில், எளிய தொடரில், பிழையின்றி மொழிபெயர்க்கப்பட்ட அறிவிப்பு அவருக்கு வாக்குச்சீட்டுக்கு நிகரானது. அறிவிப்புப் பலகைகளின் தமிழைத் திருத்தக் குரல்கொடுப்போர் மொழிப்பற்றினால் மட்டும் அதைச் செய்யவில்லை. குடியுரிமையைக் காப்பதும் அவர் செயலில் அடங்கியிருக்கிறது.

தமிழ்மொழியே மென்தூண்டலின் எல்லைக்கும் சான்றாகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள், வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. 2007 முதல் ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. நிகழ்ச்சிகளுக்கும் உழைப்பவர்க்கும் குறைவில்லை. ஆயினும் வீட்டிலும் அங்காடியிலும் அலுவலகத்திலும் எவரும் முடிவு செய்யாமலே வாயில் வருமொழி ஆங்கிலமாகிவிட்டது. அதுவே இன்று பேசாமல் சேர்க்கும் பட்டியல்; தமிழ் பேச விரும்பும் குடும்பம்தான் ஒவ்வொரு நாளும் முயன்று விலகி நிற்க வேண்டியுள்ளது. ஒரு மாத விழாவின் தூண்டல் மற்றப் பதினொரு மாதச் சூழலை வெல்லுதல் அரிது. பள்ளியில் தாய்மொழிக் கல்வி கட்டாயமாக இருப்பதாலேயே தமிழ் இன்றும் தேர்வுத்தாளில் நிற்கிறது. அதுவும் விருப்பத் தேர்வாகி, மென்தூண்டலின் பொறுப்பில் விடப்பட்டிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மென்தூண்டல் இகழத்தக்கதும் அன்று, எல்லா நோய்க்கும் மருந்தும் அன்று என்பது புலனாகும். நன்மை எது என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டு, மறதியும் சோம்பலுமே தடையாக இருக்குமிடத்தில் அது சிறந்த பணி செய்கிறது. காப்பிக்கடையின் இனிப்பும் நடைமேடையின் ஒழுங்கும் அத்தகையன. வறுமையும் வேலை நேரமும் நோயும் தடையாக இருக்குமிடத்தில் அதனால் ஆவது குறைவு. அங்கே சட்டமும் செலவும் கம்போங் அட்மிரல்ட்டி போன்ற கட்டுமானமும் தேவை.

மக்களைத் தூண்டும் அரசு தன் தூண்டலை வெளிப்படையாக அறிவிக்கிறதா, அதன் காரணத்தை மக்கள் மொழிகளில் சொல்கிறதா, விலகும் வழியைச் சேரும் வழிபோல் எளிதாக வைக்கிறதா, தோல்வியையும் வெற்றியைப் போலவே வெளியிடுகிறதா என்று கேட்டறிதல் வேண்டும். பொதுவெளியில் நின்று காரணம் கூறி வாதிக்க இயலாத எதையும் அரசு செய்தல் ஆகாது என்று தேலரும் சன்ஸ்டீனும் தாமே எழுதியுள்ளனர். அவ்விதியை அவர்களின் மாணாக்கர் யாவரும் பின்பற்றினர் என்று கூறுவதற்கில்லை.

இக்கேள்விகளைக் கேட்பவர் யார்? கேட்கும் பழக்கம் தானாகச் சேரும் பட்டியலில் வருவதன்று, கற்பிக்கப்பட வேண்டியது. பெரியாரைத் துணைக்கோடலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், உட்லண்ட்ஸ் நிலையத்தின் அம்புக்குறியையும் சம்பளச் சீட்டின் ஒரு வரியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவற்றை அமைத்தவர் யார், எதற்காக அமைத்தார், உடன்படாதவர் என் செய்யலாம் என்று மாணவரை வினவலாம். அரசன் இல்லாத இந்நாளில் இடித்துரைக்கும் கடமை குடிமக்கள் யாவர்க்கும் உரியது. அதற்கான முதற்பயிற்சி வகுப்பறையில் எழும் இத்தகைய வினாக்களே.